இடுப்புத் தளத்துக்கு மின்தூண்டல்: அறுவை சிகிச்சை முடிந்த பெண்களுக்கு ஓர் அறிமுகம்

கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது. தையல் ஆறிவிட்டது. மறுபரிசோதனையில் மருத்துவரும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஆனால் இருமினால், தும்மினால், குனிந்து கனமாக எதையாவது தூக்கினால் சிறுநீர் சொட்டுகிறது. அல்லது கழிவறைக் கதவைத் திறப்பதற்குள் அடக்க முடியாமல் போய்விடுகிறது. பல மாதம் யாரிடமும் சொல்லாமல் சமாளித்துவிட்டு, ஒருவழியாக பிசியோதெரபிஸ்டைப் பார்த்தால் அவர் சொல்கிறார்: ‘கொஞ்ச நாள் கரண்ட் வைத்துப் பார்க்கலாம்.’

கேட்டவுடன் வரும் பயம், ஷாக் அடிக்குமோ என்பது. அடிக்காது. பெரும்பாலும் பேட்டரியில் ஓடும் சிறிய கருவி அது. அதிலிருந்து வருவது மில்லிஆம்பியர் அளவிலான, மிக மிகக் குறுகிய மின்துடிப்புகள். பயத்தைவிட முக்கியமான கேள்வி வேறு: எனக்கு இருக்கும் பிரச்சினைக்கு இது பொருந்துமா? ஒரே கருவி, ஒரே இடம் என்றாலும், இருமும்போது கசிகிறவருக்கு வைக்கும் அமைப்பு வேறு, அவசரம் தாங்காதவருக்கு வைக்கும் அமைப்பு வேறு. சிலருக்கு இதை வைக்கவே கூடாது. அந்த வித்தியாசம் புரிந்தால் மீதி எல்லாம் எளிது.

இடுப்புத் தளம் எங்கே இருக்கிறது

முன்னால் இருக்கும் அந்தரங்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, இடுப்புக் கூட்டின் அடிப்பக்கத்தை மூடியபடி தசைகளின் ஒரு தொகுதி இருக்கிறது. தூளி கட்டியதுபோலத் தொங்கி, மேலே இருக்கும் சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அது தாங்குகிறது. சிறுநீர்க் குழாய், யோனி, மலக்குடல் ஆகியவை அதன் ஊடாகத்தான் கீழே இறங்குகின்றன. தாங்குவது ஒரு வேலை, இந்த வாசல்களைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பது இன்னொரு வேலை.

இந்தத் தசைகளில் இரண்டு வகை இழைகள் கலந்திருக்கின்றன. சுமார் 70 சதவீதம் மெதுவாகச் சுருங்கும் இழைகள். நாம் நின்றாலும் நடந்தாலும் லேசான இறுக்கத்தோடு நாள் முழுக்க உழைப்பவை இவை. சீக்கிரம் களைக்காது. மீதி சுமார் 30 சதவீதம் வேகமாகச் சுருங்குபவை. தும்மல் வரும் அந்த நொடியில் சட்டென்று இறுகி, சிறுநீர்க் குழாயை அழுத்திப் பிடிப்பவை. பலம் அதிகம், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மின்தூண்டலில் இது மறுபடி வரும்.

இந்தப் பகுதிக்கான நரம்புகள் முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் திரிக எலும்பின் துளைகள் வழியாக வருகின்றன. அதில் 2, 3, 4ஆம் திரிக நரம்பு வேர்கள் சேர்ந்து புடெண்டல் நரம்பாகின்றன. தசைக்குக் கட்டளை கொண்டுபோவதும், அங்கிருந்து உணர்வைத் திருப்பிக் கொண்டுவருவதும் பெரும்பாலும் இதுதான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏன்

‘ஆபரேஷன் செய்ததால்தான் வந்தது’ என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுவிட முடியாது. காரணங்கள் பல, அதற்கேற்ப வழிகளும் பல.

சாதாரணக் கர்ப்பப்பை நீக்கத்தில் இடுப்புத் தளத் தசைகளை யாரும் வெட்டுவதில்லை. ஆனால் கர்ப்பப்பையைப் பக்கச் சுவரோடு பிடித்திருந்த தசைநார்கள் துண்டிக்கப்படுகின்றன. பக்கத்து நரம்புக் கிளைகள் இழுபடலாம். வலி இருக்கும் இடத்துத் தசையை உடல் தானாகவே வேலை செய்ய விடாது. அதனால் வலி போன பிறகும் அந்தத் தசை சோம்பலாகவே இருந்துவிடுவதுண்டு. அதோடு, அறுவை சிகிச்சைக்கு வரும் பலருக்குத் தசை முன்பே பலவீனமாக இருந்திருக்கும். பிரசவங்கள், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்ற பிறகு குறையும் ஈஸ்ட்ரோஜன் எல்லாம் அதற்கு முன்னாலேயே தங்கள் பங்கைச் செய்து முடித்திருக்கும்.

அடி இறக்கத்தைச் சரிசெய்த பிறகு புதிதாகக் கசிவு தொடங்குவது இன்னொரு வகை. இது பலரைக் குழப்பும். கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே இறங்கியிருந்தபோது சிறுநீர்க் குழாய் மடங்கிப்போய் இருந்திருக்கும். அந்த மடிப்பே கசிவைத் தடுத்துக்கொண்டிருந்திருக்கும். இறக்கத்தைத் தூக்கிக் கட்டியதும் குழாய் நேராகிறது, அதுவரை மறைந்திருந்த பலவீனம் வெளியே தெரிகிறது. அறுவை சிகிச்சை தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் முன்பே யாராவது சொல்லியிருந்தால் இத்தனை அதிர்ச்சி இருந்திருக்காது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காகச் செய்யும் விரிவான கர்ப்பப்பை நீக்கம் முற்றிலும் வேறு கதை. வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்ட்ஹைம் 1898இல் தொடங்கிவைத்த முறையின் வழி வந்தது அது. கர்ப்பப்பையைச் சுற்றியிருக்கும் திசுக்களையும் சேர்த்து எடுக்க வேண்டியிருப்பதால் சிறுநீர்ப்பைக்குப் போகும் தானியங்கு நரம்புகளும் அடிபடலாம். அப்போது பிரச்சினை கசிவு மட்டுமல்ல, சிறுநீர் வராமல் தேங்குவதும்தான். பை நிரம்பியதே தெரியாது, முக்கினாலும் முழுசாக வராது, கத்தீட்டரைப் பல நாள் எடுக்க முடியாமல் போகும். நரம்புகளை வெட்டாமல் விட்டுவைக்கும் புதிய முறைகளில் இது குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை.

பிரசவத்தில் ஆசனவாய்ச் சுருக்குத்தசை வரை கிழிந்து, தைத்துச் சரிசெய்யப்பட்ட பெண்களும் இந்தச் சிகிச்சைக்கு வருகிறார்கள். இவர்களுக்கு மலம் அடங்காமல் போகலாம். அதைவிட அதிகமாக, வாயுவை அடக்க முடியாமல் போகும். மருத்துவரிடம்கூட வாய்திறந்து சொல்லப்படாத புகார்களில் முதலிடம் இதற்குத்தான் என்று நினைக்கிறேன். சொல்லுங்கள். கேட்டுப் பழகிய விஷயம்தான் அவர்களுக்கு.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்பப்பை நீக்கம் முடிந்து சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ, இருமாமல், அவசரமும் இல்லாமல், இரவு பகலாகச் சிறுநீர் யோனி வழியே ஒழுகிக்கொண்டே இருந்தால் அது தசைப் பிரச்சினை இல்லை. சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் நடுவிலோ, சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் சிறுநீர் நாளத்துக்கும் யோனிக்கும் நடுவிலோ துளை விழுந்திருக்கலாம். இதற்கு எத்தனை மாதம் கரண்ட் வைத்தாலும் பயனில்லை. அறுவை செய்த மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். அதேபோல, பை காலியாகாமல் நிரம்பி வழிவதும் வெளியிலிருந்து பார்க்கக் கசிவு போலத்தான் தெரியும். அதனால்தான் சிகிச்சை தொடங்குவதற்கு முன், சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பது நல்லது. ஐந்து நிமிட வேலை.

மின்துடிப்பு தசையை எப்படி இழுக்கிறது

கருவி தசையை நேரடியாக முறுக்குவதில்லை. அது எழுப்புவது நரம்பை. ஒரு துடிப்பு நரம்பிழையைக் கடக்கும்போது அதன் சவ்வில் மின்னழுத்தம் மாறுகிறது, நரம்பு ஒரு செய்தியை அனுப்புகிறது, அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததும் தசை சுருங்குகிறது. மூளையிலிருந்து வரவேண்டிய கட்டளை, இங்கே வழியிலேயே பிறக்கிறது. அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு விஷயம் தானாகவே வெளிப்படும். நரம்பு முழுவதுமாக அறுந்துபோன தசையை இந்தக் குறுந்துடிப்புகளால் சுருங்க வைக்க முடியாது. கொஞ்சமாவது நரம்பு மிஞ்சியிருக்க வேண்டும். நல்ல வேளையாக, பெரும்பாலானவர்களுக்கு நரம்பு இழுபட்டிருக்கும், நசுங்கியிருக்கும், முழுசாக அறுந்திருக்காது.

கருவியில் பிசியோதெரபிஸ்ட் மாற்றும் எண்கள் முக்கியமாக மூன்று. ஒரு வினாடிக்கு எத்தனை துடிப்பு என்பது அதிர்வெண், ஹெர்ட்ஸில் சொல்வார்கள். ஒரு துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது துடிப்பின் அகலம், இதற்கு 200 முதல் 300 மைக்ரோ செகண்ட் வழக்கமானது. 250 மைக்ரோ செகண்ட் என்றால் ஒரு வினாடியை நாலாயிரம் துண்டாக வெட்டி, அதில் ஒரு துண்டு. மூன்றாவது செறிவு, மில்லிஆம்பியரில். இந்த மூன்றாவதைத்தான் நீங்கள் ‘கூட்டுங்கள்’, ‘குறையுங்கள்’ என்று சொல்லப் போகிறீர்கள்.

மேலே சொன்ன இரண்டு வகை இழைகளுக்கு இப்போது வருவோம். நாமாகத் தசையை இறுக்கும்போது மூளை முதலில் மெதுவான இழைகளை எழுப்பும், தேவைப்பட்டால் பிறகு வேகமானவற்றைக் கூப்பிடும். வெளியிலிருந்து வரும் மின்துடிப்பு இந்த வரிசையைப் பெரும்பாலும் தலைகீழாக்கிவிடுகிறது. தடித்த நரம்பிழைகள் குறைந்த மின்னோட்டத்திலேயே எழுந்துவிடும், வேகமான இழைகளுக்குப் போவது அந்தத் தடித்த நரம்புகள்தான். சட்டென்று இறுகும் இழைகளுக்குப் பயிற்சி கிடைப்பது இதில் லாபம். அவை சீக்கிரம் களைத்துப்போவது நஷ்டம். அதனால்தான் கருவி தொடர்ந்து ஓடாமல், சில வினாடி இறுக்கிவிட்டு அதைப்போல ஒரு மடங்கோ இரண்டு மடங்கோ நேரம் ஓய்வு கொடுக்கிறது. ஐந்து வினாடி வேலை, பத்து வினாடி ஓய்வு என்பது மிகவும் பலவீனமான தசைக்கு வைக்கும் ஒரு சாதாரண அமைப்பு. ஓய்வு நேரத்தில் ‘மெஷின் நின்றுவிட்டதோ’ என்று பார்க்கத் தோன்றும். அது நிற்கவில்லை, தசை மூச்சு வாங்குகிறது.

இருமல் கசிவும் அவசரக் கசிவும்

இருமல், தும்மல், சிரிப்பு, எடை தூக்குதல் என்று வயிற்றில் அழுத்தம் கூடும்போது கசிந்தால், அங்கே தேவை தசையின் பலம். அதற்கு 35 முதல் 50 ஹெர்ட்ஸ் வரை வைப்பார்கள். இந்த வேகத்தில் தனித்தனித் துடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தசை ஒரே பிடியாக இறுகி நிற்கும்.

திடீரென்று அவசரம் வந்து, போய்ச் சேர்வதற்குள் நனைந்துவிட்டால் அங்கே குற்றவாளி இடுப்புத் தளம் அல்ல. சிறுநீர்ப்பையின் சுவர்த்தசை, பை நிரம்புவதற்கு முன்பே வேண்டாத நேரத்தில் சுருங்குகிறது. இதற்கு அதிர்வெண்ணைக் குறைப்பார்கள். 5 முதல் 20 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் 10க்குப் பக்கத்தில். இங்கே தசையை இழுப்பது நோக்கமே இல்லை. புடெண்டல் நரம்பின் உணர்விழைகளைத் தட்டினால் அந்தச் செய்தி முதுகுத்தண்டுக்குப் போகிறது, அங்கிருந்து சிறுநீர்ப்பையை அடக்கும் நரம்புகள் வேலை செய்யத் தொடங்குகின்றன, அதைச் சுருங்கச் சொல்லும் நரம்புகள் தணிகின்றன. இடுப்புத் தளத்தை இறுக்கினால் அவசரம் கொஞ்சம் அடங்கும் என்பது பலருக்கு அனுபவத்திலேயே தெரியும். உடம்பில் ஏற்கெனவே இருக்கும் அந்தத் தொடர்பைத்தான் கருவி பயன்படுத்திக்கொள்கிறது.

இரண்டும் கலந்திருப்பவர்களும் நிறைய. அவர்களுக்கு இரண்டு அமைப்புகளையும் ஒரே அமர்வில் அடுத்தடுத்தோ, வேறு வேறு நாளிலோ வைப்பதுண்டு. எதுவாக இருந்தாலும், உங்களுக்கு எந்த வகை என்று கேட்காமல், மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பு எழுதச் சொல்லாமல், நேரே கருவியை மாட்டிவிடும் இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள்.

அமர்வு எப்படி இருக்கும்

முதல் நாள் பெரும்பாலும் கருவியே வெளியே வராது. பேச்சு, பிறகு பரிசோதனை. உங்கள் சம்மதத்தோடு, கையுறை போட்ட ஒரு விரலை யோனிக்குள் வைத்து, ‘இப்போது இறுக்கி மேலே இழுங்கள்’ என்பார்கள். அதன் பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பெண் போடும் ஆக்ஸ்ஃபோர்டு அளவுகோல் ஒன்று இருக்கிறது. 0 என்றால் அசைவே இல்லை. 1 என்றால் லேசான துடிப்பு மட்டும். 5 என்றால் விரலை நன்றாகப் பிடித்து மேலே தூக்கும் பலம். இந்த மதிப்பெண் ஏன் முக்கியம் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

கரண்ட் வைக்கும் நாளில், விரல் அளவுக்கு நீளமான, மழமழப்பான ஒரு புரோப் யோனிக்குள் வைக்கப்படும். அதன் பக்கங்களில் உலோகப் பட்டைகள் இருக்கும். நீரில் கரையும் ஜெல்லைத் தடவி உள்ளே வைப்பார்கள். சிலிகோன் கலந்த ஜெல் மின்னோட்டத்தைத் தடுக்கும் என்பதால் அது கூடாது. மலம் அடங்காதவர்களுக்கு மெலிதான ஆசனவாய்ப் புரோப் உண்டு. உள்ளே எதையும் வைக்க முடியாதவர்களுக்கும் விரும்பாதவர்களுக்கும் தோலில் ஒட்டும் பட்டைகள் உண்டு. ஆனால் தசையை இழுக்க வேண்டுமென்றால் உள்ளே வைப்பதுதான் கூடுதல் பலன் தரும், பட்டைகள் வெளியே தள்ளியிருப்பதால் மின்னோட்டம் பரவிப்போய்விடும்.

செறிவைச் சிறிது சிறிதாகக் கூட்டும்போது முதலில் எறும்பு ஊர்வதுபோலக் கூசும். இன்னும் கூட்டினால் யாரோ உள்ளே இருந்து இறுக்கி மேலே இழுப்பதுபோல இருக்கும். அதுதான் வேண்டியது. குத்தல், எரிச்சல், வலி வந்தால் அதிகம் என்று அர்த்தம், உடனே சொல்லிக் குறைக்க வேண்டும். ‘வலித்தால்தான் பலன்’ என்ற எண்ணம் இங்கே எடுபடாது. ஒருவருக்கு 20 மில்லிஆம்பியரில் தெரிவது இன்னொருவருக்கு 50இலும் தெரியாமல் இருக்கலாம். பக்கத்துப் படுக்கைக்காரரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. உங்களுக்கே முந்தைய வாரத்தைவிட எண் மாறலாம். மாதவிடாய் சுழற்சி, உள்ளே இருக்கும் ஈரப்பதம், புரோப் திரும்பியிருக்கும் கோணம் எல்லாம் அதை மாற்றும்.

ஓர் அமர்வு 20 முதல் 30 நிமிடம். ஆரம்பத்தில் பத்து நிமிடத்தோடு நிறுத்துவதும் உண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வருமாறு சொல்வார்கள், வீட்டுக் கருவியாக இருந்தால் தினமும் இருக்கலாம். மொத்தம் 8 முதல் 12 வாரம்.

இந்த இருபது நிமிடமும் படுத்துக்கொண்டு கைபேசியைப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. அவசரக் கசிவுக்கு வைத்திருந்தால் பரவாயில்லை. பலத்துக்கு வைத்திருந்தால், கருவி இறுக்கும் அதே நேரத்தில் நீங்களும் சேர்ந்து இறுக்க வேண்டும். முதல் சில அமர்வுகளில் எங்கே இறுக்குவது என்றே பிடிபடாது. கருவி இழுக்கும்போது கவனித்தால் ‘ஓ, இந்த இடமா’ என்று ஒரு நாள் புரியும். அந்தப் புரிதல்தான் இந்தச் சிகிச்சையில் கிடைக்கும் ஆகப்பெரிய லாபம் என்பது என் கருத்து. அதற்கு அப்புறம் கருவியின் பங்கு குறைந்துகொண்டே வர வேண்டும்.

பயிற்சியைவிட இது மேலானதா

இல்லை. இதைத் தெளிவாகவே சொல்லிவிடலாம். இடுப்புத் தளப் பயிற்சியை 1948இல் மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் மருத்துவர். கெகல் பயிற்சி என்ற பெயர் அவரால் வந்ததுதான். தசை எவ்வளவு இறுகுகிறது என்று காட்டும் ஒரு மானியையும் அவர் உருவாக்கினார். மின்தூண்டல் அதற்குப் பின்னால் வந்தது. 1963இல் இங்கிலாந்தில் கால்டுவெல் என்ற அறுவை மருத்துவர், சுருக்குத்தசையைத் தூண்ட மின்முனைகளை உடலுக்குள்ளேயே பதித்துப் பார்த்தார். பிறகு படிப்படியாக, எதையும் பதிக்காமல் வெளியே எடுத்துவிடக்கூடிய புரோப்கள் வந்தன.

தானாகவே நன்றாக இறுக்கத் தெரிந்த பெண்ணுக்கு, சரியாகக் கண்காணிக்கப்படும் பயிற்சிதான் முதல் சிகிச்சை. பிரிட்டனில் சிகிச்சைகளுக்கு வழிகாட்டும் அரசு சார்ந்த அமைப்பான நைஸ் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, இருமல் கசிவுக்கும் கலப்புக் கசிவுக்கும் குறைந்தது மூன்று மாதம், நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குக் குறைந்தது எட்டு முறை இறுக்கும் பயிற்சியைச் சொல்கிறது. அதனோடு மின்தூண்டலை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்கிறது. ஆனால் தசையைத் தாமாகச் சுருக்க முடியாத பெண்களுக்கு அதைப் பரிசீலிக்கலாம் என்று தனியாக இடம் விடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அளவுகோலில் 0, 1 வாங்குபவர்களுக்குத்தான் அந்த இடம். பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் ஆய்வுத் தொகுப்புகளும் ஏறக்குறைய இதே திசையில்தான் இருக்கின்றன. எதுவும் செய்யாமல் இருப்பதைவிட மின்தூண்டல் மேல், பயிற்சியைவிட மேல் என்று சொல்ல ஆதாரம் போதாது. அவசரக் கசிவில் மட்டும் அதன் நிலை சற்றே பலமாக இருக்கிறது, மருந்துகளைப்போல வாய் உலர்வது, மலச்சிக்கல் போன்ற தொல்லைகள் இல்லாதது ஒரு வசதி.

அப்படியானால் எல்லோரும் பயிற்சியே செய்துவிடலாமே? சிக்கல் என்னவென்றால், ‘இறுக்குங்கள்’ என்று வாயால் சொன்னால் எல்லோருக்கும் வருவதில்லை. 1991இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், சுருக்கமான வாய்மொழி விளக்கத்துக்குப் பிறகு சரியாகச் செய்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். கால்வாசிப் பேர் செய்த விதம் கசிவைக் கூட்டக்கூடியதாக இருந்தது. இறுக்குவதற்குப் பதிலாக அவர்கள் முக்கியிருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலியும் பயமும் உணர்ச்சிக் குறைவும் சேர்ந்திருக்கும்போது இது இன்னும் கடினம். கைதொட்டு ஒருமுறையாவது பரிசோதித்துக்கொள்ளாமல், காணொளி பார்த்து மாதக்கணக்கில் தவறாகப் பயிற்சி செய்வதில் பயனில்லை.

எப்போது தொடங்கலாம், யாருக்குக் கூடாது

அறுவை முடிந்த உடனே உள்ளே எதையும் வைக்க முடியாது. கர்ப்பப்பையை எடுத்த பிறகு யோனியின் மேல்முனையில் தையல் இருக்கும். அது நன்றாக ஆறும்வரை, பொதுவாக 6 முதல் 8 வாரம், சிலருக்கு 12 வாரம் வரை, உள்ளே எதையும் வைக்க வேண்டாம் என்று அறுவை மருத்துவர்கள் சொல்வார்கள். எந்த நாளில் தொடங்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் தையல் போட்டவர். வலை நாடா போன்ற ஏதாவது உள்ளே பொருத்தப்பட்டிருந்தால் அதையும் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லிவிட வேண்டும். காத்திருக்கும் வாரங்களில், மருத்துவர் அனுமதித்தால், லேசாகத் தானே இறுக்கிப் பழகலாம். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதும் பெரிய உதவி. தினமும் முக்கினால் தசைக்குக் கொடுத்த பயிற்சி எல்லாம் வீண்.

பேஸ்மேக்கரோ, இதயத்துக்கான வேறு மின்கருவியோ பொருத்தியிருப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், இடுப்புப் பகுதியில் புற்றுநோய் இன்னும் இருப்பவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், யோனியிலோ சிறுநீரிலோ தொற்று இருப்பவர்கள், அந்த இடத்தில் தொடு உணர்வே இல்லாதவர்கள், சிறுநீர் தேங்குபவர்கள் ஆகியோருக்குப் பொதுவாக இதை வைப்பதில்லை. சில தடைகள் தற்காலிகமானவை. தொற்று ஆறினால் மறுபடி தொடங்கலாம். உணர்வில்லாத இடத்தில் வைத்தால், செறிவு அதிகமானாலும் தெரியாமல் தோல் புண்ணாகும் என்பதால் அது ஆபத்து. புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்கள் புற்றுநோய் மருத்துவரின் சம்மதத்தைக் கட்டாயம் பெற வேண்டும். கதிர்வீச்சு எடுத்திருந்தால் உள்தோல் மெலிந்திருக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

அடிக்கடி கவனிக்கத் தவறும் ஒரு குழு இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடுப்புத் தளம் பலவீனமாகாமல், எப்போதும் இறுகிப்போய் வலிப்பவர்கள். உட்கார்ந்தால் வலி, தாம்பத்திய உறவில் வலி, சிறுநீர் தயங்கித் தயங்கி வருவது இவர்களின் அடையாளம். இறுகிப்போன தசையும் சரியாகச் செயல்படாது என்பதால் இவர்களுக்கும் கசிவு இருக்கலாம். கசிவைப் பார்த்ததும் பலவீனம் என்று முடிவுகட்டி, 50 ஹெர்ட்ஸில் இன்னும் இறுக்கினால் வலிதான் கூடும். இவர்களுக்கு முதலில் தளர்த்தும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, கையால் தசையை இளக்குவது. மின்சாரம் தேவைப்பட்டால் அது வலியைக் குறைக்கத் தோல்மேல் வைக்கும் டென்ஸ் வகையாக இருக்கும். பெயரிலும் தோற்றத்திலும் நெருங்கி இருந்தாலும் நோக்கம் வேறு.

பெயர் குழப்பங்கள்

பயோஃபீட்பேக் என்பதையும் மின்தூண்டலையும் பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள். புரோப் ஒரேமாதிரி இருப்பதால் வரும் குழப்பம். பயோஃபீட்பேக்கில் கருவி எதையும் செலுத்தாது. நீங்கள் இறுக்குவதை அளந்து திரையில் காட்டும், அவ்வளவே.

கணுக்கால் நரம்புத் தூண்டல் என்று ஒன்று உண்டு. கணுக்காலின் உட்புற எலும்புக்குச் சற்று மேலே மெல்லிய ஊசியை வைத்து, வாரம் ஒருமுறை 30 நிமிடம், 12 வாரம். காலில் வைத்தால் சிறுநீர்ப்பை எப்படி அடங்கும் என்று கேட்கலாம். காலுக்கு வரும் டிபியல் நரம்பின் வேர்களில் சில, சிறுநீர்ப்பைக்கான அதே திரிக வேர்கள்தான். இது அவசரக் கசிவுக்கு மட்டும், இருமல் கசிவுக்கு இல்லை. மூன்றாவது திரிக நரம்புக்குப் பக்கத்தில் மின்முனையைப் பதித்து, தோலுக்கடியில் சிறு கருவியை வைப்பது இன்னொரு முறை. அமெரிக்காவில் 1997இல் அனுமதி பெற்றது. அதுவே ஓர் அறுவை சிகிச்சை என்பதால், மற்றவை பலன் தராதபோதுதான் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

உடையோடு உட்கார்ந்தால் போதும் என்று விளம்பரம் செய்யப்படும் காந்த நாற்காலியும் இந்தக் குடும்பத்தில் தூரத்து உறவு. வேகமாக மாறும் காந்தப்புலம் திசுவுக்குள் மின்னோட்டத்தை உண்டாக்கி நரம்பை எழுப்புகிறது. புரோப் வேண்டாம் என்பது உண்மையான வசதிதான். ஆனால் ‘ஓர் அமர்வில் ஆயிரக்கணக்கான கெகல்’ என்ற கணக்கைக் கண்டு மயங்க வேண்டாம். எண்ணிக்கை கூடினாலும், தும்மல் வரும் நொடியில் தசையைத் தானாக இறுக்கும் பழக்கத்தை நாற்காலி சொல்லித்தராது.

வீட்டில் வைத்துக்கொள்ளும்போது

பல பெண்கள் வீட்டுக் கருவியையே விரும்புகிறார்கள், அதில் தவறில்லை. முதல் சில முறை பிசியோதெரபிஸ்டின் முன்னால் வைத்துப் பழகிவிட்டு எடுத்துப்போவது நல்லது. புரோப் ஒருவருக்கு ஒன்றுதான். சகோதரிக்கோ தோழிக்கோ இரவல் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் மென்மையான சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி வைக்க வேண்டும். புரோப்பை உள்ளே வைத்த பிறகு கருவியை இயக்க வேண்டும், முதலில் கருவியை நிறுத்திய பிறகே புரோப்பை வெளியே எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் ஆபத்து இல்லை, ஆனால் சுருக்கென்று கடிக்கும். மாதவிடாய் நாட்களில் பொதுவாக நிறுத்தி வைப்பார்கள். நிக்கல் போன்ற உலோக ஒவ்வாமை இருந்தால் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சிவத்தல், எரிச்சல், புதிய வெள்ளைப்படுதல், ரத்தம் தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நாலைந்து வாரத்துக்குப் பிறகு மறுபடி விரல் பரிசோதனை செய்து மதிப்பெண் போடச் சொல்லிக் கேளுங்கள். 1 ஆக இருந்தது 2, 3 ஆகியிருந்தால், கருவியைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. இருமுவதற்கு ஒரு கணம் முன்னால் தசையை இறுக்கிப் பிடிக்கும் பழக்கத்தை இந்தக் கட்டத்தில்தான் சொல்லித்தருவார்கள். தசை தடித்துப் பலமாவதற்கு மாதங்கள் ஆகும், இந்தப் பழக்கம் சில வாரத்திலேயே கைகூடும்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் மதிப்பெண்ணும் மாறவில்லை, நனையும் துணிகளின் எண்ணிக்கையும் குறையவில்லை என்றால், இன்னும் மூன்று மாதம் அதே கரண்டை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் பரிசோதனை தேவையா என்று சிறுநீரகப் பாதை மருத்துவரிடமோ இதில் தனிப்பயிற்சி பெற்ற மகளிர் மருத்துவரிடமோ கேட்கலாம். யோனிக்குள் பொருத்தும் தாங்குவளையம், மருந்து, சிறுநீர்ப்பைக்குள் போடும் போடாக்ஸ் ஊசி, சிறுநீர்க் குழாயைத் தாங்க நாடா பொருத்தும் அறுவை என்று அதற்கு அப்புறமும் வழிகள் இருக்கின்றன.